எத்தனை பாடம் போதும்?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் என் பேச்சு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, நீ மட்டும் நின்று ஒரு கேள்வி கேட்டாய். “ஐயா, நான் எம்.எஸ்ஸி. வேதியியல். வேதி உயிரியலில் பிஎச்.டி. சேரப் போகிறேன். உயிரியலில் எத்தனை பாடம் எடுத்தால் போதும்?” எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “சேர்ந்த பிறகு கைடு சொல்வார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஊர் வந்து மூன்று வாரமாகியும் அந்தப் ‘போதும்’ மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

உன்னைக் குறை சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுகளில் என் பக்கத்தில் உட்கார்ந்த பேராசிரியர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளந்து போடுகிற மாதிரி, வேதியியலில் இவ்வளவு கிரெடிட், உயிரியலில் இவ்வளவு கிரெடிட் என்று கலந்தால் ஆள் தயாராகிவிடுவார் என்ற நம்பிக்கை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இருபது ஆண்டுகளாகச் சொல்லியும் இந்த எண்ணம் மாறவில்லை.

பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. செல் சுழற்சியும் நொதி இயக்கவியலும் உனக்குக் கட்டாயம் வேண்டும், எடு. ஆனால் உன்னைப் போன்றவனுக்கு நல்ல நூலகமும் ஓராண்டும் கிடைத்தால் அவற்றை நீயே படித்துக்கொள்வாய். மிச்சமுள்ள நான்கைந்து ஆண்டுகள் எதற்கு? ஒரு மூலக்கூறைச் செல்லுக்குள் அனுப்புகிறாய். செல்லில் ஏதோ மாறுகிறது. அந்த மாறுதலைச் செய்தது உன் மூலக்கூறுதானா? நீ நினைத்த புரதத்தைப் பிடித்துத்தான் செய்ததா? இந்த இரண்டு கேள்விகளையும் உன் சொந்த முடிவுகள் மீதே விடாமல் கேட்கிற பழக்கம் எந்தப் பாடத்திலும் வராது. பெஞ்சில் நின்று, பலமுறை ஏமாந்து, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வருவது அது.

என் மாணவர்கள் ஒவ்வொருவரும் பத்து முறையாவது கேட்ட ஓர் உதாரணம் உண்டு. நீயும் கேள்.

மழைக்காலத்தில் தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கம்பியில் படர்ந்து நிற்கிற கண்வலிக்கிழங்கைப் பார்க்கலாம். நம் மாநிலப் பூவாகிய செங்காந்தள்தான் அது. காலையில் ஆட்கள் வரிசையாக நின்று ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் கையால் தொட்டு வைப்பார்கள். அப்படி வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அந்த விதை கால்சிசின் எடுப்பதற்காக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே இந்தப் பூ வந்துவிடுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலில் நிற்பதும் இதுதான். நான் குறிஞ்சிப்பாட்டை முழுதாகப் படித்தது நாற்பது வயதுக்கு மேல். மாலை நேரங்களில் ஒரு தாவரவியல் நண்பரோடு உட்கார்ந்து பூவுக்குப் பூ அடையாளம் தேடினோம். சில பூக்களுக்கு இரண்டு செடிகள் போட்டிக்கு வந்தன. சிலவற்றுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. காந்தளில் மட்டும் ஐயமே எழவில்லை. பெயர் தெரிவது வேறு, அந்தப் பெயருக்குரிய பொருள் எது என்று உறுதியாகத் தெரிவது வேறு என்பது அந்த மாலைகளில்தான் எனக்கு ஆழமாக உறைத்தது. கால்சிசினின் கதையும் அதுதான். விலகிப் போகிறேன் என்று நினைக்காதே.

ஐரோப்பாவில் வாத வலிக்கு வேறொரு செடியிலிருந்து இதே மருந்தைப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். கால்சிகம் என்ற அந்தச் செடியிலிருந்து 1820-இல் பாரிஸில் பெல்லெத்தியேவும் காவென்தூவும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் அவர்களே, அதே ஆண்டில். கால்சிசினை வைத்தால் பிரிந்துகொண்டிருக்கும் செல் பாதியில் நின்றுவிடும் என்பது 1930களுக்குள் தெரிந்துவிட்டது. 1937-இல் பிளேக்ஸ்லீ அதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அதன் ஒரு வளையத்தில் ஏழு கார்பன் இருக்க வேண்டும் என்று 1945-இல் மைக்கேல் டூவர் சொன்னார். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, 46தான் என்று 1956-இல் சியோவும் லெவானும் எண்ணிக் காட்டியதற்கும் செல்களைச் சரியான கட்டத்தில் நிறுத்திவைத்த கால்சிசின் துணை நின்றது. ஆக, எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள். என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தார்கள். யாரைப் பிடிக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

1960களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லரின் லேபில் கேரி போரிஸி என்ற மாணவர் இருந்தார். உன்னைப் போல பிஎச்.டி. மாணவர். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய கால்சிசினைச் செல் சாற்றில் கலந்து, கலவையிலுள்ள மூலக்கூறுகளைப் பருமன் வாரியாகப் பிரித்து, எந்தப் புரதத்தோடு கதிரியக்கம் ஒட்டி வருகிறது என்று பார்த்தார். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பிறகு ஒவ்வொரு திசுவாக எடுத்துச் சோதித்தார். பிரியும் செல்கள் நன்றாகப் பிடித்தன, அது எதிர்பார்த்ததுதான். தசையிலிருந்து தூய்மை செய்த புரதங்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விந்தணு வாலில் இருந்தது. மூளையில் மிக அதிகமாக இருந்தது.

இங்கே நிறுத்தி யோசி. நரம்பு செல் பிரிவதே இல்லை. செல் பிரிதலைத் தடுக்கும் நஞ்சு, பிரியாத செல்கள் நிறைந்த மூளையில் போய் அள்ளி ஒட்டுகிறது. இந்த முடிவு உன் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் பார்த்த மாணவர்களில் பாதிப் பேர் சோதனை கெட்டுவிட்டது என்று சொல்லி மூளையைப் பட்டியலிலிருந்து எடுத்திருப்பார்கள். மீதிப் பேர் கால்சிசின் கண்டபடி ஒட்டுகிற மூலக்கூறு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். போரிஸியும் டெய்லரும் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் திசுக்களை வேறு விதமாக வரிசைப்படுத்தினார்கள். செல் பிரிகிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, அங்கே நுண்குழல்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பிரியும் செல்லின் கதிர் இழைகள், விந்தணு வால், நரம்பின் நீண்ட இழை எல்லாவற்றிலும் நுண்குழல்கள் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை தெளிவாகத் தெரிய ஆரம்பித்தே அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கால்சிசின் பிடித்தது நுண்குழலைக் கட்டும் புரதத்தை. அடுத்த ஆண்டு ஜப்பானின் மோரி அதற்கு டியூபுலின் என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு அதே சிகாகோ லேபிலிருந்து வைசன்பர்க், போரிஸி, டெய்லர் மூவரும் மூளையிலிருந்தே அந்தப் புரதத்தைத் தூய்மையாக எடுத்துக் காட்டினார்கள்.

சொல், இதில் உயிரியல் எத்தனை பாடம், வேதியியல் எத்தனை பாடம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது என் சொந்தக் கொள்கை; சக ஆசிரியர்கள் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. கால்சிசின் டியூபுலினோடு மெதுவாகத்தான் சேர்கிறது. 37 டிகிரியில் வைத்தாலும் மணிக்கணக்கில் ஆகும். சேர்ந்த பிறகு எளிதில் விலகாது. விலகாததால்தான் அந்தக் கலவையைப் பருமன் வாரியாகப் பிரிக்கும் பத்தியில் ஊற்றி இறக்கியபோதும் கதிரியக்கம் புரதத்தோடு ஒட்டியே வந்தது. சட்டென்று பிடித்துச் சட்டென்று விடுகிற மூலக்கூறாக இருந்திருந்தால் பாதி வழியிலேயே பிரிந்து போயிருக்கும். டியூபுலின் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருந்திருக்குமோ. பெரிய இலக்குப் புரதங்களைக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் பிடித்தால் விடாத மூலக்கூறுகளே என்பது என் கட்சி. எஃப்கே506 என்ற மூலக்கூறு தன் புரதத்தை இறுகப் பிடித்தது. 1989-இல் அந்தப் புரதம் கிடைத்தது. டிராபாக்சின் என்ற இன்னொன்று தன் நொதியை மீளாமல் பிடிக்கும். ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் லேபில் ஜாக் டான்டன் என்ற மாணவர் அதைப் போலவே ஒரு மூலக்கூறைத் தொகுத்துச் செய்து மணிகளில் பொருத்தினார். அதை வைத்து ஹிஸ்டோன் டிஅசிடைலேஸ் நொதியை வலைபோட்டுப் பிடித்து 1996-இல் வெளியிட்டார்கள். வேதியியல் படித்த உனக்கு இதில் ஒரு பெரிய வலு இருக்கிறது. எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று மட்டும் கேட்காதே. எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கேள். அந்த எண்ணை முதலில் அளந்துவிட்டு வா என்று நான் அனுப்பிய மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். வேண்டுமானால் நீயும் முணுமுணுத்துக்கொள், ஆனால் அள.

இப்போது இந்தக் கடிதத்தின் மையக் கருத்துக்கு வருகிறேன். கால்சிசின் மீது புறஊதா ஒளி பட்டால் அந்த ஏழு முனை வளையம் தன்னைத் தானே மாற்றியமைத்துக்கொண்டு, ஒட்டிய இரண்டு வளையங்களாகிவிடும். ஒன்று நான்கு முனை, மற்றது ஐந்து முனை. அந்தப் புதிய மூலக்கூறின் பெயர் லூமிகால்சிசின். ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. மூலக்கூறு எடை இரண்டுக்கும் 399.4. ஆனால் லூமிகால்சிசின் டியூபுலினைப் பிடிப்பதில்லை. இதைவிட நல்ல கண்ட்ரோல் எங்கே கிடைக்கும்? கால்சிசின் போட்டால் ஒரு விளைவு வருகிறது, லூமிகால்சிசின் போட்டால் வரவில்லை என்றால், அந்த விளைவு நுண்குழல் வழியாக வந்திருக்கலாம் என்று நம்ப ஆரம்பிக்கலாம். இரண்டிலும் வந்தால்? மிசெல், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படியொன்றைக் கண்டார்கள். நியூக்ளியோசைடுகள் செல்லுக்குள் போவதைக் கால்சிசின் தடுத்தது. லூமிகால்சிசினும் தடுத்தது. ஆகவே அந்தத் தடைக்கும் நுண்குழலுக்கும் தொடர்பில்லை. கண்ட்ரோல் இல்லாமல் விட்டிருந்தால், நுண்குழல்தான் நியூக்ளியோசைடை உள்ளே இழுக்கிறது என்று ஒரு தலைமுறை மாணவர்கள் பரீட்சையில் எழுதியிருப்பார்கள்.

கால்சிசின் புட்டியைப் பழுப்புக் கண்ணாடியில் இருட்டில் வைப்பது எதற்கென்று இப்போது புரிகிறதா? ஜன்னலோரம் மறந்து வைத்தால் உன் மருந்து மெல்ல மெல்லத் தன் கண்ட்ரோலாக மாறிக்கொண்டிருக்கும். நிறை நிறமாலையில் பார்த்தால் எடை அப்படியே இருக்கும், என்எம்ஆர்தான் காட்டிக்கொடுக்கும்.

இது பழைய காலத்துக் கவலை என்று எண்ணிவிடாதே. போசுடினிப் என்ற புற்றுநோய் மருந்தின் பெயரில் விற்கப்பட்ட புட்டிகள் சிலவற்றில் வேறோர் ஐசோமர் இருந்தது. ஒரு வளையத்தில் குளோரின்களும் மெத்தாக்சியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. எடை ஒன்றே. பல லேப்கள் அதை வாங்கிச் செல்லில் ஊற்றி முடிவுகள் எழுதின. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லெவின்சனும் பாக்ஸரும் 2012-இல் இதை எடுத்துக் காட்டிய பிறகே எல்லோரும் தங்கள் புட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். புட்டி மேல் ஒட்டிய லேபிளை நம்புகிறவன் வேதியியல் படித்தவனே அல்ல என்பேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். வாங்கிய புட்டியைத் திறந்ததும் ஒரு புரோட்டான் என்எம்ஆர் எடுக்க அரை மணி நேரம் ஆகுமா?

என் லேபிலும் ஒரு பிழை நடந்தது. அது என் பிழை. என்னிடம் பிஎச்.டி. செய்த ஒரு பெண் மிகுந்த உழைப்பாளி. ஒரு நொதியைத் தடுக்கும் மூலக்கூறு வரிசையைப் பதினான்கு மாதம் தொகுத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்கள் அழகாக நகர்ந்தன. நான் மகிழ்ந்து போனேன். கட்டுரை எழுதி முடிக்கும் நேரத்தில் வெளியிலிருந்து வந்த ஒருவர், சோதனைக் கரைசலில் கொஞ்சம் டிரைட்டான் எக்ஸ்-100 விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். மறுநாள் விட்டாள். தடுப்பு முழுவதும் மறைந்துவிட்டது. மூலக்கூறுகள் தண்ணீரில் ஒன்றோடொன்று திரண்டு உருண்டையாகி, அந்த உருண்டைகளின் மேல் நொதி ஒட்டிச் செயலிழந்திருக்கிறது. சோப்பைப் போன்ற அந்த டிரைட்டான் ஒரு சொட்டு போதும், அந்த உருண்டைகளைக் கரைக்க. அப்படித் திரளும் மூலக்கூறுகளைப் பற்றி அப்போதே கட்டுரைகள் வந்திருந்தன, நான் படித்துமிருந்தேன். முதல் வாரத்தில் அவளைக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டியது நான். அன்று மாலை அவள் அழவில்லை. லேப் நோட்டில் தேதி போட்டு முடிவை எழுதிவிட்டுப் போனாள். அதை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நம் ஊர் மாணவர்கள் பத்தில் நான்கு பேர் நேர்முகத்தில் குர்குமினைச் சொல்கிறார்கள். மஞ்சள் நம் சமையலில், சடங்கில், காயத்தில் இருப்பது வேறு. குர்குமின் என்ற மூலக்கூறு சோதனைக் குழாயில் செய்வது வேறு. அது தானே ஒளிர்கிறது, உலோக அயனிகளைப் பிடிக்கிறது, புரதங்களின் தயோல்களோடு வினைபுரிகிறது, திரள்கிறது. உடல் சூட்டில், சீரம் இல்லாத நடுநிலைத் தாங்கல் கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். சிதைந்த பிறகு 24 மணி நேரம் கழித்து நீ அளப்பது எதை? 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் இதையெல்லாம் விரிவாக எழுதிய பிறகும் 50 மைக்ரோமோலார் குர்குமின் ஊற்றுகிற கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. செறிவைப் பார், தம்பி. விலங்குச் செல்லை நிறுத்தக் கால்சிசின் மைக்ரோமோலாரில் பத்தில் ஒரு பங்கே போதும். செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்க அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். மூலக்கூறு ஒன்றே. எந்த உயிர், எந்தச் செறிவு என்று சொல்லாமல் ‘கால்சிசின் இதைச் செய்கிறது’ என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பாய். அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்று அவர்களின் தேசிய உடல்நல நிறுவனம் பல ஆண்டுகளாகத் தனிப் பயிற்சி நிதி கொடுத்துவருகிறது. முதல் ஆண்டு மாணவர்கள் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வீதம் சுற்றி வருகிறார்கள். நம் நாட்டிலும் சில நிறுவனங்களில் இந்தச் சுழற்சி உண்டு. பல பல்கலைக்கழகங்களில் இல்லை, சேர்ந்த நாளிலேயே ஒரு கைடு, ஒரு பெஞ்ச். உன் நிறுவனத்தில் இருந்தால் தயவுசெய்து உனக்குக் கைவந்த தொகுப்பு லேபை முதலில் எடுக்காதே. செல் வளர்க்கும் இடத்துக்குப் போ. செல்லைப் பிரித்து வைக்கவும், மைக்கோபிளாஸ்மா தொற்றைக் கண்டுபிடிக்கவும், டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட தட்டு என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கவும் கற்றுக்கொள். அங்கே உன்னைவிட நான்கு வயது சின்னவர்கள் உனக்குச் சொல்லித்தருவார்கள். வெட்கப்படாதே. உயிரியல் படித்து வந்த உன் நண்பனைத் தொகுப்பு லேபில் நிறுத்தி, டிஎல்சி தட்டில் புள்ளி வைக்கக் கற்றுக்கொடு. இருவரும் இரவுச் சாப்பாட்டில் ஒருவரை ஒருவர் கேள்வி கேளுங்கள். நான் கற்றதில் பாதி ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்றது.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாதே. குரூப் மீட்டிங்கில் போய் ஓரமாக உட்கார். ஒரு மாணவர் நல்ல முடிவைக் காட்டும்போது அங்கே என்ன நடக்கிறது என்று கவனி. எல்லோரும் கைதட்டி அடுத்த ஸ்லைடுக்குப் போனால், யோசி. யாராவது, குறிப்பாக ஒரு ஜூனியர், “கண்ட்ரோல் என்ன?” என்று கேட்டு, கைடு அந்தக் கேள்விக்காகக் கால்மணி நேரம் ஒதுக்கினால் அங்கே சேர். தகுதித் தேர்வுக்கு ஆராய்ச்சித் திட்டம் எழுதச் சொல்வார்கள். தேர்ந்தெடுக்கிற உரிமை உனக்கு இருந்தால் உன் கைடின் தலைப்பைத் தொடாதே. உனக்குப் பழக்கமில்லாத ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பிடிக்க ஒரு மூலக்கூறும், அதன் நிழலைப் போல ஆனால் பிடிக்காத இன்னொரு மூலக்கூறும் காகிதத்தில் வரை. இரண்டாவதை வரைவதுதான் கடினம். அதற்கு அந்தப் புரதத்தின் பள்ளம் எப்படி இருக்கிறது என்று நீ உண்மையாகவே படித்திருக்க வேண்டும். அப்போது உனக்குத் தேவைப்படுகிற உயிரியலை யாரும் கிரெடிட் போட்டுத் தர வேண்டியிருக்காது.

ஆகஸ்டில் சேர்கிறாய் என்று சொன்னாய். முதல் சுழற்சி முடிந்ததும் எனக்கு எழுது. எந்த லேபில் இருந்தாய், எந்த மூலக்கூறு, என்ன செறிவு, எதைக் கண்ட்ரோலாக வைத்தாய், அந்தப் புட்டிக்கு என்எம்ஆர் எடுத்தாயா, இவ்வளவும் எழுது. முடிவு வராவிட்டாலும் எழுது. மழைக்காலத்தில் விடுமுறை கிடைத்தால் தாராபுரம் பக்கம் வா, நானும் வருகிறேன். அதிகாலையில் போனால் கண்வலிக்கிழங்குத் தோட்டத்தில் பூத் தொடுவதைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்